முன்னறையைக் காலி செய்வது பற்றி

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமா என்று ஒரு வரி, கீழ்வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒன்றரைப் பக்கம். நானும் அதே கணக்கில் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

அம்மாவின் அறையை ஒழித்துவிட்டேன். நீ கேட்ட புடவைகளைத் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றது. மாப்பிள்ளையின் நண்பர் வந்து கீழ்வீட்டைச் சுற்றிப் பார்த்தார். முன்னறையில் கம்ப்யூட்டர்கள் போடுவாராம். அங்கே வரும் பெண்களை எப்போது நிறுத்துவீர்கள் என்று, பழைய சாமான்களைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார்.

அந்தப் பெண்கள் மேல் எனக்குப் பிரியம் கிடையாது, உனக்கே தெரியும். காலமெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன அம்மா, ஓய்வு பெற்ற பிறகாவது நமக்கு மிஞ்சுவாள் என்று நினைத்தோம். அடுத்த மாதமே முன்னறையில் பெஞ்சு போட்டுவிட்டாள். தையல்காரி, வீடு பெருக்குகிறவள், ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கிறவள் என்று எழுத்து தெரியாதவர்கள் எல்லோரும் சாயங்காலம் ஆஜர். பாடப்புத்தகம் கிடையாது. அவரவருக்குப் புரியாத ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை, பிள்ளையின் பள்ளியிலிருந்து வந்த சீட்டு, எதுவானாலும் சரி. நான் காலை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, வகுப்பை முடித்துவிட்டுத்தான் பார்க்க வந்தாள். அதை நான் மறக்கவில்லை.

அப்புறம் அம்மாவின் அந்தக் கேளாத காது. போனில் நீ எவ்வளவு கத்தியிருப்பாய்! நான் வாங்கித் தந்த கருவியை பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்தாள். கதவருகில் நின்று ஏதாவது சொன்னால், "என்னப்பா, காதுல விழல. இப்படி வந்து உக்காந்து சொல்லு" என்பாள். போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டும். எரிச்சலாக வரும்.

அம்மா போன பிறகும் அவர்கள் வருவதை நிறுத்தவில்லை. நேற்று சொல்லிவிடுவது என்று கீழே இறங்கினேன். தையல்காரி என்னை வாயைத் திறக்க விடவில்லை. "உக்காருங்கண்ணே, இதை முடிச்சுக்கிறேன்" என்று அம்மாவின் நாற்காலியைக் காட்டிவிட்டு, தொண்டை கிழிய ஒரு இருமல் மருந்துப் பெட்டியைப் படித்தாள். தெருவுக்கே கேட்டிருக்கும். மெதுவாகப் படித்தால் போதாதா, இப்போது இங்கே யாருக்குக் காது கேட்காது என்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாத்திரம் தேய்க்கிறவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "டீச்சருக்கா கேக்காது? மாடியில நீங்க இருமினா, 'அவனுக்குச் சளி பிடிச்சிருக்கு'ன்னு கீழ உக்காந்து சொல்லுவாங்க."

வந்த புதிதில் கூச்சத்தில் யாருக்கும் குரலே எழும்பாதாம். அம்மா ஒருநாளும் தப்பு என்று சொன்னதில்லையாம். தப்பாகப் படித்தால், காது கேட்கவில்லை, இன்னொரு தடவை சத்தமாகப் படி என்பாளாம். இரண்டாம் முறை தானே திருத்திக்கொள்வார்களாம். கொஞ்ச நாளில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரியே இருந்துவிட்டார்கள். "பெத்த புள்ளகிட்டயுமா நடிச்சாங்க? பலே ஆளுதான்!" என்று தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததாலா என்று தெரியவில்லை.

மாடிக்கு வந்தேன். கோபமாகத்தான் இருந்தது. அவர்களுக்குப் படிப்பு வர வேண்டும் என்று நடித்தாள், சரி. நம்மிடம் எதற்கு? சாப்பிட்டு முடிக்கும்வரை அதையே யோசித்தேன். நீயும் யோசித்துப் பார். எனக்கு அதை எழுத வராது.

கீழே போன காரியத்தை நான் அவர்களிடம் சொல்லவில்லை. இன்று சாயங்காலமும் வருவார்கள். யாராவது உட்கார்ந்து கேட்டால்தான் படிக்க வருகிறதாம்.

மாப்பிள்ளையின் நண்பர் பின்பக்க அறைகளை எடுத்துக்கொள்ளட்டும். மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாகப் பேசு. நான் பேசினால் சண்டையில் முடியும். உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. அம்மாவுக்கு எல்லாம் முடிந்த பிறகு நீ வந்து இறங்கினாயே, அப்போதுகூட ஏன் என்று கேட்கவில்லை. இதைக் கேட்கிறேன்.

குழந்தைகளுக்கு என் அன்பு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். முன்னறையை மட்டும் எனக்கு விட்டுவிடு.

உன் அண்ணன்