பழம் பறிக்கிற நேரத்தில் தீம் பார்க்

செல்வி,

உன்னை எழுப்ப மனம் வரவில்லை. பால் காய்ச்சி வைத்திருக்கிறேன். சாவி ஆணியில் இல்லை, ஜன்னல் மேல் இருக்கிறது. ஷீனா கைக்கு எட்டாமல் வைத்தேன்.

பொங்கல் லீவுக்குப் பிள்ளைகளைச் சென்னையில் இருக்கிற தீம் பார்க்குக்குக் கூட்டிப்போகலாமா என்று நேற்று கேட்டாய். நான் எஸ்டேட் கணக்குப் புஸ்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை. "உங்க புஸ்தகத்துக்கிட்ட கேட்டிருந்தா இந்நேரம் பதில் வந்திருக்குமுங்க. நாங்க மூணு பேரே போய்க்கறோம்" என்று திரும்பிப் படுத்துவிட்டாய்.

வரமாட்டேன் என்று நான் நினைக்கவேயில்லை. காபிப் பழம் பறிக்கிற நேரத்தில் கணக்கெழுதுகிற எஸ்டேட் ரைட்டர் நானே லீவு போட்டால், சாயங்காலம் பழத்தை யார் எடை போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் நீ தூங்கிவிட்டாய். எனக்குப் பதிலாக மேஸ்திரி லாசர் அண்ணன் எடை போடுவார். இப்போது அவரைப் பார்க்கத்தான் போகிறேன். அவர் சரி என்றதும் மேனேஜரிடம் லீவு கேட்கிறேன்.

மலை இறங்கும்போது ஜெரின் வாந்தி எடுப்பான். அன்றைக்கு அவனுக்கு இரண்டு இட்லிக்கு மேல் கொடுக்காதே.

ஷீனாவுக்கு உயரம் பத்தாது, பெரிய ராட்டினத்தில் ஏற்ற மாட்டார்கள். கட்டாயம் அழுவாள். அவளை நான் கீழே வைத்துக்கொள்கிறேன். நீ ஜெரினோடு ஏறு.

கேஸ்காரர் வந்தால் சிலிண்டரை உள்ளே வைக்கச் சொல்.

வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து இதையும் எழுதுகிறேன். லீவு கிடைக்கட்டும் என்று காத்திருக்காதே செல்வி. ரயிலுக்கு நாலு டிக்கெட்டாகவே போட்டுவிடு. போட்டாயிற்று என்று தெரிந்தால்தான் மேனேஜர் முன்னால் லீவு கேட்க எனக்கு வாய் வரும்.