மேலாளர் ஊற்றிய தண்ணீர்

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

பிளான்டயர் நகரத்திலிருந்து மகள் தவோங்கா மண்டியிட்டு வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா?

தலைவன் தொண்டனாக இருக்க வேண்டும் என்று சொல்லும் ஆய்வுகள் எதற்காகச் செய்யப்பட்டன, எவ்வளவு நம்பலாம் என்று எடைபோடுவதுதான் என் படிப்பு. அப்படி ஓர் ஆய்வின்படி, ஒரு தேயிலைத் தோட்டத்தில், சாப்பாட்டுக்கு முன் மேலாளரே தொழிலாளிகள் கைகழுவத் தண்ணீர் ஊற்றினாராம், எல்லோரும் புகழ்ந்தார்களாம். நேரில் போய் விசாரித்தேன். சமையல்காரி எலுபி சிரித்தாள்.

"சின்னவங்கதானே பெரியவங்களுக்கு ஊத்தணும்? அவரு ஊத்தினா எப்படிக் கையை நீட்டுறது, தங்கச்சி? பாதிப் பேரு சாப்பிடாமலே எழுந்துட்டோம். அப்புறம் ஆய்வுக்கு வந்தவங்க அவரைப் பக்கத்துல நிக்கவெச்சே, 'ஐயா எப்படி?'ன்னு கேட்டாங்க. வேற என்னத்தச் சொல்ல?"

அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அந்த ஆய்வைச் செய்தவர் என் பேராசிரியர். இப்போது என் வணக்கத்துக்கு அவர் பதில் சொல்வதில்லை. பெரிதாக ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்.

ஏரிக் கருவாடு கொஞ்சம் அனுப்புங்கள். தனியாகச் சாப்பிடும்போது வாசனையாவது துணையிருக்கும்.

ஒவ்வொரு கடிதத்திலும் 'சுகம்' என்றே எழுதுகிறீர்கள். கேட்பது மகள் என்பதற்காக அப்படி எழுதாதீர்கள், அம்மா.

இதைக் கொண்டுவரும் பஸ்காரர் அவசரப்படுத்துகிறார். நான் சுகம்.

தவோங்கா