பின்பக்கம் திறந்த பான்ஜோ

செப்டம்பர் 9, திங்கள்

லிமெரிக் ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அறுவை சிகிச்சையில் கழுத்தெலும்பில் வைத்த தகடு நன்றாகப் பொருந்திவிட்டதாம். அக்டோபரிலிருந்து மறுபடி பள்ளிக்கூட பஸ் ஓட்டலாம். வயலின் கூடாது. தாடைக்கடியில் எதையும் இடுக்கவே கூடாது. "எத்தனை நாளைக்கு?" என்றேன். அவர் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார்.

செப்டம்பர் 10

வயலின் பெட்டியை அலமாரிக்குள் வைத்தேன். அரை மணி கழித்து வெளியே எடுத்து வைத்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மில்டவுன் பப்பில் ஞாயிறு மதியம் எல்லோரும் கூடி வாசிப்போம். முப்பது வருஷமாக நானும் என் தோழி கொரெட்டியும் பக்கத்துப் பக்கத்தில், இரண்டு வயலின். இன்று எங்களோடு வாசிக்கும் டோனல் தன் பழைய பான்ஜோவை இரவல் தந்தான்: தோல் போர்த்த வட்ட உடம்பு, நீளக் கழுத்து. வயலினுக்கு உள்ள மாதிரி நாலு கம்பி, அதே சுரங்கள், ஒரு ஸ்தாயி கீழே. இடது கை விரல்களுக்கு வழி தெரிந்திருக்கிறது. வலது கைக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. வில் இழுத்த கையில் கம்பியைத் தட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு.

பின்னால் மரக்கிண்ணம் வைத்து மூடிய பான்ஜோ அது. சத்தம் அப்படியே முன்னால் பாய்கிறது. இரண்டாவது பாட்டிலேயே கொரெட்டி வில்லை இறக்கிவிட்டாள்.

"தகரக் கூரையில ஆலங்கட்டி விழுற மாதிரி இருக்குடி. என் வயலின் எனக்கே கேக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதுக்குச் சிரிச்சேன்?

செப்டம்பர் 22

போகவில்லை.

செப்டம்பர் 29

இன்றும் போகவில்லை. கொரெட்டி போன் செய்தாள், எடுக்கவில்லை.

அக்டோபர் 5, சனி

எனிஸ் ஊரில் மலக்கியின் வாத்தியக் கடை. மூடின பான்ஜோவைத் தூக்கியதும் தோள் வலித்தது. அவரே அதை என்னிடமிருந்து வாங்கி வைத்துவிட்டு, பின்பக்கம் திறந்த இரண்டைக் கொண்டுவந்தார். எடை பாதிகூட இல்லை. சத்தத்தில் பாதி வாசிப்பவரின் வயிற்றுக்குள்ளேயே போய்விடும் என்றார். ஒன்றுக்குக் கழுத்தில் விரல் அழுத்தும் கட்டைகள் பத்தொன்பது: நீளக் கழுத்து, தெளிவான சத்தம். மற்றதற்குப் பதினேழு: குட்டை, கொஞ்சம் கரகரப்பு.

மாற்றி மாற்றி வாசித்தேன். முடிவே வரவில்லை. "பக்கத்துல யாரும்மா உக்காந்து வாசிப்பாங்க? அவங்களுக்கு ஒத்துவரணும்ல," என்றார் மலக்கி. சாதாரணமாகத்தான் கேட்டார். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 8

கொரெட்டி வாசலில் நின்றாள். "போன எடுக்க மாட்டியா?"

"ஆலங்கட்டிக்குப் போன் எதுக்கு?"

உள்ளே வந்து உட்கார்ந்தாள். "மூணு வாரமா பக்கத்து நாற்காலி காலி. நான் வாசிச்சது எனக்கு நல்லாக் கேட்டுச்சு ஃபிடெல்மா. கேக்கச் சகிக்கல."

கடையைப் பற்றிச் சொன்னேன். அவளும் வருகிறாளாம்.

அக்டோபர் 12, சனி

மலக்கியின் கடையில் கொரெட்டி, நான் எடுப்பது எந்த பான்ஜோ என்று தெரியாதபடி, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து வயலின் வாசித்தாள். நான் இரண்டு பான்ஜோவிலும் ஒரே ரீலை, அந்த வேகமான ஆட்டப்பாட்டை, வாசித்தேன். அவள் பத்தொன்பதைச் சொன்னாள். சத்தம் சுத்தமாக இருக்கிறதாம். உண்மைதான். ஆனால் அந்த நீளக் கழுத்தின் நுனியைப் பார்க்க நான் தலையைத் திருப்ப வேண்டியிருக்கிறது. பதினேழில் வேண்டியதில்லை. விரல்களும் வயலினில் போல எட்டுகின்றன.

"காது என்னுதுடி," என்றாள்.

"கழுத்து என்னுது."

மலக்கி உள்ளே போய் டீ போட ஆரம்பித்துவிட்டார். வாங்கியது பதினேழு. கீழ்க் கம்பி தொளதொளவென்று இருந்ததால் தடித்த கம்பி மாட்டித் தந்தார். வழி முழுக்க கொரெட்டிக்குக் கோபம். என்னவோ, இந்தத் தடவை எனக்குப் பயமாக இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

பப்புக்குப் போனேன். முதல் பாட்டு முடிந்தும் பான்ஜோவின் தோல் ரீங்காரம் அடங்கவில்லை. கொரெட்டி குனிந்து தன் கம்பளிக் காலுறையைக் கழற்றினாள். பான்ஜோவைத் திருப்பி, திறந்த முதுகுவழியாக அதைத் தோலுக்கும் உள்ளே ஓடும் குறுக்குக் கட்டைக்கும் நடுவே செருகினாள்.

"துவைச்சதுதான். வாசி."

ரீங்காரம் போய்விட்டது. சுரங்கள் உருண்டையாக விழுந்தன. மேலே அவள், கீழே நான். மூன்று ரீல் நிறுத்தாமல் வாசித்தோம். அவள் ஒற்றைக் காலுறையோடு வீட்டுக்குப் போனாள்.

நவம்பர் 3

கொரெட்டி பான்ஜோவை ஒரு வாரம் இரவல் கேட்டாள். அக்கா மகளுக்குக் காட்டணுமாம்.

நவம்பர் 10, ஞாயிறு

திருப்பிக் கொடுத்தாள். மேல் கம்பி மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது.

"அறுந்துதா?"

"பூனை."

அவள் வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"பூனை என்ன வாசிச்சுது?"

யோசித்தாள். "ஒரு ரீலு. ரெண்டாவது பாதி இன்னும் வரல."