ஏழுமலை என்ற பெயரை வரைந்தவனுக்கு

என் அருமை தனசேகர் மச்சான்,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை அன்றே எழுதியிருக்க வேண்டும். நீ இருக்கும்போதே நேரில் சொல்லியிருக்க வேண்டியதுதான் இது.

முதலில் ஊர்ச் செய்தி. நீ வரைந்த எழுத்து இப்போது போனிலேயே வந்துவிட்டது. குயிலாப்பாளையத்தில் ஒரு ரொட்டிக் கடைப் பலகையில் பார்த்தேன். சென்னையில் அச்சாகும் புத்தக அட்டைகளிலும் அதுதான். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் காதணி விழா ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டே, கடலை உரித்த மல்லாட்டைத் தோலை மையில் தோய்த்துத் தாளில் ஒற்றி எழுத்து செய்தவன் என்று உன்னைப் பற்றி மேடையில் பேசுகிறார்கள். திருவாமாத்தூர்த் தேருக்கு, ஓடுகிற பஸ்ஸிலிருந்தே படிக்கும்படி வரிகளைச் சாய்த்து நோட்டீஸ் போட்டாயே, அதையும் சொல்கிறார்கள். நீ இருந்தபோது உன் கடைப் படி ஏறாதவர்கள்தான் இன்று பேசுகிறார்கள். அவர்கள் பெயரெல்லாம் என்னிடம் இருக்கிறது. நான் பாடம் நடத்திய கல்லூரியில் என்னைத் தாண்டி யாரை முதல்வராக்கினார்கள் என்பதையே நான் இன்னும் மறக்கவில்லை.

உன்மேலும் ஒரு கோபம் இருந்தது. அப்பா இறந்த அன்று வந்தது.

நம் பக்கத்துச் சாவு போஸ்டர் எப்படி இருக்கும்? நடுவில் படம், இரண்டு பக்கமும் மெழுகுவத்தி, கீழே பங்காளி, சம்பந்தி, பேரப்பிள்ளை என்று பெயர்ப் பட்டியல். ஒரு பெயர் விட்டுப்போனால் கருமாதிக்கே வரமாட்டார்கள். நீ ஒட்டியதில் வெள்ளைத் தாளின் அகலம் முழுக்க 'ஏழுமலை' என்ற அப்பா பெயர் மட்டும். முதல் எழுத்து தார் பூசியதுபோலக் கனம். போகப் போக மெலிந்து, கடைசி எழுத்தைக் கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டும். கீழே சிறிதாக, 'இன்று இல்லை'.

சித்தப்பா பந்தலிலேயே உன்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் மாப்ள, பதினேழு பேரு எழுதிக் குடுத்தேன், ஒருத்தன் பேரயும் காணோம். நாங்களும் கூடவே போயிட்டமா? பேப்பர் பத்தலையா?"

"பேப்பர் நெறைய இருந்துச்சு மாமா. அதான் காலியா வுட்டேன்."

"படம்கூட இல்லாம, போறவன் வர்றவன்லாம் சிரிக்கிறான். நல்லா படிச்சடா நீ."

நீ என் பக்கம் திரும்பினாய். "ஒங்கப்பா பேச ஆரம்பிச்சா கணீர்னு இருக்கும், முடிக்கிறப்ப காதுலயே வுழாது இல்ல பாஸ்கரு? அதத்தான் போட்டேன்." நான் எழுந்து போனேன்.

மறுநாள் காலையில் விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை சுவரில் ஒன்றுகூட இல்லை. சித்தப்பாதான் ஆள் வைத்துக் கிழித்தார் என்று நீ முடிவு செய்தாய். அதன்பின் நீ சாவு போஸ்டர் போடவே இல்லை. அவர் வீட்டுக்கும் போகவில்லை. "நான் இல்லப்பா" என்று அவர் எத்தனை முறை சொல்லி அனுப்பினார், நீ நம்பினாயா? உன் சாவுக்கு வந்தவர் தெருமுனையிலேயே நின்றுவிட்டு டவுன் பஸ் ஏறிப் போய்விட்டார்.

கிழித்தது நான், மச்சான்.

விடிந்தும் விடியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஊர் சிரிக்கும்படி அப்பாவை அனுப்புகிறோமே என்ற ஆத்திரம். பனியில் பசை இளகியிருந்ததால் சுலபமாக வந்தது. ஒன்று மட்டும் கிழியாமல் முழுதாக வந்தது. அதை ஏன் மடித்து எடுத்துவந்தேன்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அப்பாவின் குரலை நாங்கள் யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. முதல் வருடத் திதியன்று அந்தத் தாளைப் பிரித்துத் தரையில் விரித்தேன். இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே வந்தபோது அவர் பேசி முடிப்பது கேட்டது. பெற்ற பிள்ளை நான் அப்பாவிடம் கவனிக்காததை நீ கவனித்திருக்கிறாய். இத்தனை வருடம் எனக்கு அப்பா இருந்தது உன்னால்தான். இந்த நன்றியை உன் கடைக்கு வந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் கிழித்ததையும் சொல்ல வேண்டும். அதனால் வரவில்லை.

அடுத்த மாதம் விழுப்புரத்தில் உன் வேலைகளையெல்லாம் காட்சிக்கு வைக்கிறார்கள். உன் மனைவி சுமதி என் வீட்டுக்கு வந்திருந்தாள். "அண்ணே, மாமாவுக்குப் போட்ட போஸ்டர் ஒண்ணாவது எங்கியாவது இருக்குமா? அதவிட நல்லதா நான் எதுவும் செய்யலன்னு அவரே சொல்வாரு. ஒங்க சித்தப்பா கிழிச்சதுல ஒண்ணுகூட மிஞ்சல." தேடிப் பார்க்கிறேன் என்றேன். பீரோவில் இருப்பதை எதற்குத் தேட வேண்டும்?

திறப்பு நாளன்று சித்தப்பாவை ஷேர் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வருவேன். போஸ்டரைச் சுமதி கையில் கொடுத்து, கிழித்தது யார் என்று அவரை வைத்துக்கொண்டே சொல்வேன். அதன்பின் அவள் என்னை அண்ணன் என்று கூப்பிடாமல் போகலாம். அதற்கும் துணிந்துதான் வருகிறேன்.

உன் மாமன் மகன்,
பாஸ்கரன்