ஏறும்போது குறைக்கக் கூடாது

என் செல்லக் கஞ்ச அப்பாவுக்கு,

திட்டு வாங்கியிருக்கிறேன். உங்களிடம்தான் சொல்ல வேண்டும், பாதித் திட்டு உங்களுக்குச் சேர வேண்டியது.

போன வாரம் பயிற்சி விமானத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். நான் ஓட்ட, பக்கத்தில் பயிற்சியாளர். அதில் ஒரு சிவப்புக் குமிழ் உண்டு. உள்ளே தள்ளினால் காற்றோடு பெட்ரோல் கூடுதலாகக் கலக்கும், வெளியே இழுத்தால் குறையும். மேலே போய்ச் சமமாகப் பறக்கும்போது குறைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். எனக்கு அதுவரை பொறுக்கவில்லை. எவ்வளவு வீணாகிறதோ என்று கை பரபரத்தது. பாதி ஏற்றத்திலேயே இழுத்துவிட்டேன்.

யார் வளர்த்த கை? துணியில் அரை அங்குலம் மிச்சம் பிடிக்க, வரைந்து முடித்த அளவை அழித்து மறுபடி வரையச் சொல்கிறவரின் மகள் அல்லவா. கம்பெனி ஜெனரேட்டர் கரும்புகை விட்டால் டீசல் போச்சே என்று சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடுவீர்களே!

எஞ்சின் தடதடத்தது. சூட்டைக் காட்டும் முள் ஏறியது. பயிற்சியாளர் குமிழை உள்ளே தள்ளினார், கத்தவில்லை. இறங்கிய பிறகுதான் சொன்னார்: "ஏறும்போது எஞ்சின் முழு பலத்தையும் போடுது. அப்பக் கூடுதலாப் போற பெட்ரோல் வீணில்லம்மா, அதுதான் சூட்டைத் தணிக்குது. அதுல மிச்சம் பிடிச்சா எஞ்சினே போயிரும்." நான் தனியாகப் பறப்பதை ஒரு மாதம் தள்ளி வைத்துவிட்டார்.

அறைக்கு வந்ததும் பழக்கத்தில் உங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டேன். அது இப்போது நம் கம்பெனி பேக்கிங் சூப்பர்வைசரிடம் இருக்கிறது. "சொல்லுங்க பாப்பா" என்றார். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

மண்ணரையில் நம் பனியன் கம்பெனிக்கு இரண்டாவது ஷெட் போட்ட வருடம் நீங்களும் ஏறிக்கொண்டுதானே இருந்தீர்கள்? தூக்கத்தைக் குறைத்தீர்கள், சாப்பாட்டைக் குறைத்தீர்கள். இடது தோள் வலிக்கிறது என்றபோது ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "ஷிப்மென்ட் போகட்டும் கண்ணு, அப்பறம் பாத்துக்கலாம்" என்றீர்கள். நான் சரிங்கப்பா என்று பஸ் ஏறிவிட்டேன். நான்காம் நாள், நீங்கள் போய்விட்டீர்கள் என்று போன் வந்தது. அன்றைக்கு நான் அடம்பிடித்திருந்தால் வந்திருப்பீர்களா அப்பா?

இப்போது ஊரில்தான் இருக்கிறேன். அம்மா கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறார். தைக்க வந்திருக்கும் ஒடிசாப் பெண்களோடு அவர் பேசும் இந்தியைக் கேட்டால் சிரித்துவிடுவீர்கள். உங்கள் நாற்காலியில் மட்டும் உட்காருவதில்லை, நாள் முழுக்க நின்றபடிதான். நேற்று, தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். பத்து நாளாகத் தலை சுற்றுகிறதாம். டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"இந்த ஷிப்மென்ட் போகட்டும் கண்ணு."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அம்மா மேல் இல்லை, உங்கள் மேல். இத்தனை நாளில் முதல் தடவையாக.

நாளைக் காலையில் வண்டி வரச் சொல்லிவிட்டேன். ஷிப்மென்ட் கிடக்கட்டும், சரக்கு வாங்குகிற பையர் கத்தட்டும். அம்மா எவ்வளவு மறுத்தாலும், கையைப் பிடித்து வண்டியில் ஏற்றாமல் விடமாட்டேன். இது சத்தியம் அப்பா.

இப்படிக்கு,
அன்றைக்கு ஒரு தடவை உங்கள் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க வேண்டிய மகள்