உப்பில்லாமல் ஒரு மண்டலம்

அன்பான அண்ணிக்கு,

நீங்கள் கண்மூடிய அந்த மாசிப் பகலில், கோயில் தெற்கு வாசலில் உங்களோடு இருந்தவர்கள் இவர்கள்: அண்ணன், உங்கள் மகள் கமலம், பூசாரி, மேளக்காரர் இருவர், என் அடுத்த வீட்டு ருக்கியா, நான். வேறு யாரும் இல்லை. மாத்தளை டவுனே சுற்றி நின்று பார்த்ததாக இப்போது பேசிக்கொள்கிறார்கள். தேர் அந்நேரம் பெரிய தெருவில் நின்றது, சனமெல்லாம் அங்கேதான் இருந்தது. யார் இருந்தார்கள், என்ன நடந்தது என்பது சரியாக இருக்கட்டும் என்றுதான் முதலில் இதை எழுதுகிறேன்.

நாங்கள் சுகம். அண்ணனுக்கு மலேரியா திரும்ப வரவில்லை, உங்கள் வேண்டுதல் அந்த மட்டில் பலித்துவிட்டது. அவருடைய பலாபத்வலைக் கடையில் வியாபாரம் சுமாராக நடக்கிறது. கமலத்துக்கு இங்கே பக்கத்தில் நாலந்தாவில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம். பையன் கொக்கோ தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. வைகாசியில் கல்யாணம்.

அதில்தான் சிக்கல். தை பிறந்ததும் கமலம் உங்களைப் போலவே ஒரு மண்டலம் உப்பைத் தொடாமல் விரதம் இருக்க வேண்டும், மாசியில் தீச்சட்டி எடுக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அவர் மனதில் இருப்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசி நேரத்தில் ருக்கியா உங்கள் வாயில் ஊற்றிய கஞ்சியில் உப்பு இருந்தது, விரதம் கெட்டது, அதனால்தான் நீங்கள் போனீர்கள் என்று நம்புகிறார். “உப்பு நாக்குல பட்டதும் போயிட்டா. அந்தக் கடன் தீராம எம்மக கழுத்துல தாலி ஏறாது” என்று என்னிடமே சொன்னார். ருக்கியா வீட்டுப் பக்கம் அவர் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

கமலம் மறுப்பாளா? உங்கள் பெண்ணாயிற்றே. புரட்டாசியில் காய்ச்சல் கண்டு எழுந்தவள், இன்னும் வளையல் கையில் நிற்கவில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “விடுங்க அத்தை, உங்க வீட்டு ரசத்தைக் குடிச்சு எனக்கு உப்பில்லாம பழகித்தான் கெடக்கு” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் பள்ளிக்கூடம் போகாதவள், உங்களுக்குத் தெரியும். பொட்டலம் கட்ட வரும் பழைய தாள்களில் எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகியவள். அப்படி வந்த ஒரு கட்டில் உடம்பைப் பற்றிய தமிழ்ப் புத்தகத்தின் சில பக்கங்கள் கிடைத்தன. இரத்தம், வியர்வை, கண்ணீர், கருவில் குழந்தையைச் சுற்றியிருக்கும் நீர், எல்லாம் உப்புக் கரைந்த தண்ணீரே என்று அதில் இருந்தது. அப்படியானால் உப்பை விட்ட உடம்புக்கு என்ன ஆகும்? கமலத்துக்குக் காய்ச்சல் மருந்து கொயினா வாங்கப் போனபோது டிஸ்பென்சரி டாக்டரிடம் கேட்டேன். இளவயசுக்காரர், கொழும்பில் படித்தவர், கேலி பண்ணாமல் சொன்னார்.

உப்பைத் தண்ணீரில் போட்டால் கரைந்து காணாமல் போகிறது என்றுதானே நாம் நினைத்திருந்தோம்? அது காணாமல் போவதில்லையாம், பிரிகிறதாம். உப்புக்குள் இரண்டு சாதிப் பொருள் உண்டு. ஒன்றைத் தனியாக எடுத்தால் தண்ணீர் பட்டதும் பற்றி எரியும். மற்றது மூச்சை அடைக்கும் நச்சுப்புகை. இரண்டும் உப்பாகச் சேர்ந்துதான் நம் சாம்பாரில் விழுகின்றன. தண்ணீருக்குள் போனதும் ஒன்று ஒருவகை மின்சாரத்தையும் மற்றது அதற்கு எதிரானதையும் ஏந்திக்கொண்டு தனித்தனியே அலைகின்றன. தண்ணீரின் மூலக்கூறுகள் ஒவ்வொன்றையும் சூழ்ந்துகொண்டு திரும்பச் சேரவிடாமல் வைத்திருக்கின்றன. அப்படி மின்சாரம் ஏந்திய துணுக்குக்கு அயன் என்று பெயர். நாம் கை நீட்டுவதும் நெஞ்சு துடிப்பதும் நினைப்பு ஓடுவதும் இந்த அயன்கள் நரம்புக்கும் தசைக்கும் உள்ளேயும் வெளியேயும் போய்வருவதால்தானாம். அம்மன் நமக்குள் ஏற்றி வைத்த விளக்கு என்று எனக்குத் தோன்றியது. டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை.

“எலுமிச்சங்கா ஊறுகா போடுறீங்களே அம்மா, உப்புப் போட்டா காயிலருந்து தண்ணி வெளிய வருதா?” என்று கேட்டார்.

“வருது.”

“வத்தலான திராட்சையை வெறும் தண்ணியில போட்டா?”

“ஊதும்.”

“உப்போ சக்கரையோ எந்தப் பக்கம் கூடவோ அந்தப் பக்கம் தண்ணி போகும். இரத்தத்துல உப்புக் கொறஞ்சா தண்ணி அங்க நிக்காது. தசைக்குள்ள போகும், மூளைக்குள்ள போகும். மூளை வீங்க மண்டைக்குள்ள எடமில்ல.”

அண்ணி, அப்போதுதான் அந்த நாள் முழுக்க எனக்கு விளங்கியது. ஒரு மண்டலமாக நீங்கள் உப்பு எடுக்கவில்லை. உடம்போ அடுப்படியிலும் வெயிலிலும் வியர்வையாக அதைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. வரவே இல்லாத வீட்டில் செலவு மட்டும் நடந்தது. பிறகு பலாபத்வலையிலிருந்து கோயில்வரை, வெறுங்காலோடு, நெருப்புச் சட்டியை ஏந்தி நடந்தீர்கள். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல். பக்தியோடு கொடுத்தார்கள், நீங்களும் மறுக்காமல் செம்பு செம்பாகக் குடித்தீர்கள். இருந்த கொஞ்ச உப்பும் அதில் நீர்த்துப்போனது. தெற்கு வாசலுக்கு வந்தபோது கெண்டைக்கால் இழுத்தது. என்னைப் பார்த்து உங்கள் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். கண் மேலே செருகியது, உடம்பு வெட்டி வெட்டி ஆடியது. அம்மன் இறங்கிவிட்டாள் என்று பூசாரி கும்பிட்டார். மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். ஆத்தாள் சூடு தணிய வேண்டுமே என்று வேப்பிலைத் தண்ணீரை மேலே ஊற்றினோம், வாயிலும் ஊற்றினோம். அருள் வந்தவருக்குச் செய்ய வேண்டியதைத்தான் செய்தோம். எங்கள் யாருக்கும் வேறு தெரியாது.

ருக்கியா மட்டும் கோயிலுக்குப் பக்கத்திலிருக்கும் தன் வீட்டுக்கு ஓடிப்போய்க் கஞ்சி கொண்டுவந்தாள். “சாமியோ என்னவோ எனக்கு வெளங்கல தங்கச்சி, பசி மயக்கம் மாதிரி தெரியுது” என்றாள். அவள் வீட்டில் நோன்பு திறக்கும்போது குடிப்பதைப் போன்ற கஞ்சி, வழக்கம்போல உப்புப் போட்டது. இரண்டு கரண்டி உள்ளே போயிருக்குமா? அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தக் கஞ்சி கொன்றிருக்காது, இன்னும் முன்னால் கிடைத்திருந்தால் ஒருவேளை உதவியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். உங்களை நேரில் பார்க்காததால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அது நேர்மையான பேச்சு.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படவில்லை. வெகுநேரம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அப்ப அவ எனக்காகக் குடிச்ச தண்ணியிலயா செத்தா?” என்றார். தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அண்ணி, உப்புதான் காரணம் என்று அவர் பிடித்துக்கொண்டிருப்பது ஏன் என்று எனக்கு அப்போது புரிந்தது. உங்கள் விரதம் அவர் காய்ச்சலுக்காக. விரதமே உங்களைக் கொண்டுபோனது என்றால் அவர் எங்கே போய் முட்டிக்கொள்வார்? நீங்கள் சொன்னால் தாங்குவார். நான் சொன்னால் தாங்கமாட்டார்.

பூசாரி ஒரு வழி சொன்னார். வேண்டுதலை மாற்றிக்கொள்ளலாம். அம்மை கண்டு பிழைத்தவர்கள் சந்நிதியில் உப்பும் மிளகும் கொட்டுகிறார்களே, அப்படிக் கமலம் கை நிறைய உப்பை அம்மன் முன்னால் கொட்டிக் கடனைத் தீர்க்கலாம். ஆனால் உத்தரவு கேட்க வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை சந்நிதியில் இரண்டு பொட்டலம் வைத்துப் பூக்கட்டிப் பார்க்கப்போகிறோம். வெள்ளைப் பூ வந்தால் உப்புக் காணிக்கை, சிவப்பு வந்தால் விரதம். அண்ணன் சம்மதித்துவிட்டார். அதற்குமேல் பேச்சில்லை என்றும் சொல்லிவிட்டார்.

அண்ணி, நான் ஒரு வெள்ளிக்கிழமைகூட விளக்கு ஏற்றாமல் இருந்தவள் அல்ல. அம்மன் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொன்னதில்லை. இருந்தாலும் உங்களிடம் மறைக்க மாட்டேன்: சிவப்பு வந்தாலும் கமலத்தை நான் உப்பில்லாமல் விடப்போவதில்லை. என் வீட்டுக்குக் கூட்டிவந்து என் கையாலேயே சோறு போடுவேன். அந்தப் பாவம் என்னோடு இருக்கட்டும். உங்கள் பெண்ணை மணவறையில் உட்கார வைப்பேன், இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

ஆனால் ஆத்தாளை மீறும் இடத்துக்கு என்னைத் தள்ளிவிடாதீங்க. அண்ணன் தூக்கத்திலும் உங்களைத்தான் தேடுகிறார். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒருதரம் அவர் கனவில் போய், கமலத்துக்கு விரதம் வேண்டாம் என்று உங்கள் வாயால் சொல்லிவிடுங்க. கூடவே, அவர் மேல் உங்களுக்கு வருத்தமில்லை என்பதையும்.

இன்று திங்கட்கிழமை. பதில் சீக்கிரம் வேண்டும்.

உங்கள் நாத்தனார்,
கமலத்தின் அத்தை