வெள்ளைத் தாளில் வந்த மஞ்சள் அறிவிப்பு

மே 4, திங்கள்

காகித லாரி ஆற்றில் கவிழ்ந்த ஆண்டு அது. நூலகத்துக் கூரை ஒரு பக்கமாக உட்கார்ந்ததும், தேர்வுகள் பந்தலுக்கு அடியில் நடந்ததும், என் மகன் தவழாமலே எழுந்து நடந்ததும் அதே ஆண்டு. எண் கேட்டால் எனக்குத் தெரியாது. ஆண்டுகளை நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன். அந்த ஆண்டில் மாலைக் கல்லூரி பற்றி ஓர் அறிவிப்பு வந்தது. இத்தனை காலம் கழித்து இன்று அது தேவைப்பட்டது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். மனைவி போனபிறகு நான் சுவரோடு பேசுகிறேனாம். அதற்காக அவளே வாங்கி வந்த நோட்டு இது.

நாற்பத்தோரு ஆண்டுகள் பல்கலைக்கழக வாசலில் அறிவிப்பு ஒட்டினேன். தட்டச்சு அக்கா தாளை ஒரு முறை சத்தமாகப் படிப்பாள். எனக்கு அது போதும். பேச்சுப்போட்டி எந்த மண்டபம், வேலைவாய்ப்பு முகாம் எத்தனை மணிக்கு என்று மாணவர்கள் என்னைத்தான் கேட்பார்கள். பலகை என் முதுகுக்குப் பின்னால் சும்மா நிற்கும். இப்போது அங்கே மின்திரை. எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிறது, எதற்கோ பயந்து ஓடுவதுபோல.

சாயங்காலம் மருமகளிடம் திரையில் என்ன ஓடுகிறது என்று கேட்டேன். புத்தகக் கண்காட்சி, நாடக விழா, முகாம், ஓட்டப்பந்தயம் என்று அடுக்கினாள்.

"சட்டம்னு ஒண்ணு ஓடுதுன்னு வாசல் காவலாளி சொன்னாரே?"

"அது நமக்கில்ல மாமா."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துருவித் துருவிக் கேட்டதில் கொட்டிவிட்டாள். மாலை நேரச் சட்டப் படிப்புக்கு இரண்டு முறை விண்ணப்பித்தாளாம், வீட்டில் யாருக்கும் தெரியாமல். இரண்டு முறையும் இல்லை என்றுவிட்டார்கள். இனி விண்ணப்பிக்கவும் முடியாது: பொது இடத்துக்கு நாற்பது வயதுதான் எல்லை. போன மாதம் அவளுக்கு நாற்பது முடிந்தது.

(இதை எழுதமாட்டேன் என்கிறாள். நோட்டு யாருடையது என்றேன். எழுதுகிறாள்.)

ஏன் சட்டம் என்று நான் கேட்கவில்லை. போன ஆண்டுதான் பல்கலைக்கழக விடுதியில் வருகைப் பதிவேடு எழுதும் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த மாதமே சமையலறைப் பெண்கள் ஆறு பேர் விடுப்புத் தாள் என்று நம்பி ஒரு தாளில் கைநாட்டு வைத்தார்கள். அது ராஜினாமா. அன்று இவள் சாப்பிடவில்லை.

"நீ இப்ப பல்கலைக்கழகப் பணியாளரா இல்லையா?" என்றேன்.

"ஆமா. அதுக்கென்ன?"

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: "இப்பல்கலைக்கழகத்தின் எவ்வகைப் பணியாளராயினும், பள்ளி இறுதி முடித்த ஒருவருக்கு, ஒவ்வோராண்டும் மாலைக் கல்லூரியில் அவர் விரும்பும் பிரிவில் ஓர் இடம் ஒதுக்கப்படும். வயது வரம்பு இல்லை. நேர்முகத் தேர்வு மட்டும்."

"இன்னொரு தடவ சொல்லுங்க மாமா" என்றாள்.

மே 6

பதிவாளர் அலுவலகம் போனோம். எழுத்தர் இளவட்டம், மூக்குநுனியில் கண்ணாடி.

"எந்த வருஷம் பெரியவரே?"

"காகித லாரி ஆத்துல விழுந்த வருஷம்."

"அப்ப ஃபைலும் ஆத்துலதான் இருக்கும். போய் முங்கிப் பாருங்க."

பின்னாலிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அறிவிப்பை முழுதாகச் சொன்னேன். சிரிப்பு நின்றது. ஆனால், "வாயால சொல்றதையெல்லாம் கோப்புல வைக்க முடியுமா? தீர்மான எண் சொல்லுங்க, தேடுறேன்" என்றான்.

எண்ணை அக்கா எனக்குப் படித்துக் காட்டியதே இல்லை. "நம்பர் உனக்கு எதுக்குடா?" என்று தாண்டிவிடுவாள். அவள் போய்ச் சேர்ந்தும் பன்னிரண்டு ஆண்டுகள்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் மே 29.

மே 7

  சும்மா இருந்தவளுக்கு ஆசை காட்டிவிட்டேனோ?

மே 11

விடியும்போது எழுந்து உட்கார்ந்தேன். அட மடையா! பலகை!

நான் என் வேலைக்காலத்தில் ஒரு தாளைக்கூடக் கிழித்ததில்லை. படிக்கத் தெரியாதவன் எந்தத் தைரியத்தில் கிழிப்பான்? பழையதன்மேல் புதியது, அதன்மேல் இன்னொன்று. பலகை மெத்தை மாதிரி தடித்துப்போனது என்று எத்தனை அதிகாரிகளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்! ஓய்வுபெற்ற அன்று அதைக் கழற்றித் தச்சுப் பட்டறையில் போட்டார்கள்.

ஓடினேன். ஓடினேன் என்றால் என் வயதுக்கு ஓட்டம். இருக்கிறது! தச்சர் அதை இரண்டு முக்காலிமேல் கிடத்தி மேசையாக வைத்திருக்கிறார்.

"இதை உரிக்கணும்" என்றேன்.

"உரிச்சா நான் எதுமேல இழைக்கிறது? உங்க தலைமேலயா?"

"என் தலை வழுக்கை. இழைக்க வாட்டமாத்தான் இருக்கும்."

சிரித்துவிட்டார். சிரித்தால் ஆள் நம் பக்கம்.

மே 12

பலகையை நிமிர்த்திப் பக்கவாட்டில் பார்த்தோம். எங்கள் பலகைக்கு நிறக்கணக்கு உண்டு. எனக்காக அக்கா போட்ட ஏற்பாடு. சேர்க்கை என்றால் மஞ்சள் தாள். கடைசித் தேதி தாண்டும்வரை அதை மூடக் கூடாது. தேர்வு ரோஜா நிறம். விளையாட்டு நீலம். மற்றதெல்லாம் வெள்ளை, மூன்றாம் நாள் அதன்மேல் எதையும் ஒட்டலாம். ஓரத்தில் அந்த நிறமெல்லாம் கோடு கோடாகத் தெரிந்தது. நடுவில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை.

"இதென்ன மாமா?"

"லாரி விழுந்த வருஷம். கலர் தாளெல்லாம் ஆத்தோட போச்சு. வருஷம் பூரா வெள்ளைதான்."

ஆற்றில் முங்கிப் பார்க்கச் சொன்னவனை இங்கே கூட்டி வர வேண்டும்.

மே 13

ஈரத்துணி போட்டு ஊறவைத்தோம்.

மே 14

தச்சர் தட்டை உளியால் நெம்ப, மருமகள் விரலால் உரிக்க, நான் சொல்லிக்கொண்டே வந்தேன். "அடுத்தது இசைக்கச்சேரி. அதுக்குக் கீழே தொலைந்த கைக்கடிகாரம்." உரித்தால் அதே. தச்சர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அந்தப் பார்வைக்காகவே இன்னும் பத்து வருடம் உயிரோடு இருக்கலாம்.

மே 19

கிடைத்தது. கிடைத்தேவிட்டது!

முத்திரையில் பாதி மேல்தாளின் முதுகோடு போய்விட்டது. இரண்டையும் ஒட்டவைத்துப் பார்த்தால் முழு வட்டம். மருமகள் சத்தமாகப் படித்தாள். நான் சொன்னதில் ஒரு சொல் பிசகவில்லை. தீர்மான எண் நாற்பத்தேழு. தச்சர் உளியைத் தூக்கிக்கொண்டு ஆடினார்.

பிறகு மருமகள் தேதிகளைப் படித்தாள். அறிவிப்பை ஒட்டியது மாதத்தின் இரண்டாம் தேதி. கடைசி நாள் அந்த மாதம் முப்பது. அதன்மேல் ஒட்டியிருந்த தேர்வு அட்டவணையின் தேதி, ஐந்து.

மூன்றே நாள்.

தாள் வெள்ளை. அந்த ஆண்டு முழுக்க, வெள்ளையில் வந்த சேர்க்கை அறிவிப்பை அக்கா "இது மஞ்சள்" என்று சொல்லித்தான் கொடுப்பாள். அன்று படித்து முடித்த கையோடு பதிவாளர் கூப்பிட, அதைச் சொல்லாமலே ஓடிவிட்டாள். முப்பதாம் தேதி என்று அவள் படித்தது என் காதில் இருந்தது. ஆனால் கை நிறத்தைத்தான் பார்த்தது. எதன்மேல் எதை ஒட்டுகிறேன் என்று நான் எப்போது நினைத்துப் பார்த்தேன்? என்னைக் கேட்டவனுக்குச் சொன்னேன், கேட்காத பணியாளர்களுக்கு? ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. பிறகு அப்படி ஓர் இடம் இருந்ததே எல்லாருக்கும் மறந்துபோயிற்று. மூடினது நான்தான். இந்தக் கையால்தான்.

மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "வேணாம் மாமா" என்கிறாள். எழுது என்றேன்.

மே 21

தீர்மானம் நாற்பத்தேழு, பல்கலைக்கழகப் பேரவையின் தோலட்டைப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது! ரத்து செய்ததாக எங்கும் இல்லை. பதிவாளர் அம்மாள் தானே எழுந்துவந்து எனக்கு நாற்காலி போட்டார். மூக்குநுனிக் கண்ணாடி தண்ணீர் கொண்டுவந்தான்.

"ஆத்துத் தண்ணியா தம்பி?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். பாவம், பிறகு தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

மே 28

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. பணியாளர் இடத்துக்கு வந்தவை மூன்று. மற்ற இருவருக்கும் செய்தி சொன்னது நானே. சமையலறை, தோட்டம், வாகனக் கொட்டகை என்று ஒன்று விடாமல் போய் வாயால் சொன்னேன். "உங்க மருமகளுக்குப் போட்டியா நீங்களே ஆள் சேர்க்கிறீங்களே!" என்று காவலாளி கேட்டார். ஒரு முறை மூடியது போதாதா?

ஜூன் 10

நேர்முகம். ஏன் சட்டம் என்று கேட்டார்களாம். கைநாட்டு வைத்த ஆறு பேரின் கதையைச் சொல்லி, "அந்தத் தாளை எனக்கு முன்னாடிதான் நீட்டினாங்க. எனக்குப் படிக்கத் தெரிஞ்சுது, பேசத் தெரியல" என்றாளாம். இதை அவள் சொல்லவில்லை. உள்ளே தேநீர் கொடுக்கப் போனவர் சொன்னார். 

ஜூன் 17

இன்னும் ஒன்றும் வரவில்லை.

ஜூன் 19

திரைக்குக் கீழே காலை ஏழு மணியிலிருந்து நின்றேன். பதினொன்றரைக்குக் காவலாளி கத்தினார்: "ஓடுது! ஓடுது! உங்க மருமக பேரு!"

எனக்கு எல்லா எழுத்தும் ஒன்றுபோலத்தான் ஓடின. ஆனால் விடுதிப் பக்கமிருந்து கரண்டியும் கையுமாகச் சமையலறைப் பெண்கள் வந்தார்கள் பாருங்கள், அதைப் படிக்க எனக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. மருமகளைத் தூக்கியே விட்டார்கள். தச்சர், காவலாளி, முன்பின் தெரியாத மாணவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். உள்ளங்கை இன்னும் எரிகிறது.

ஜூலை 6, திங்கள்

இன்று எழுதுகிறவன் என் மகன். கோழி கிளறினாற்போல எழுதுகிறான் என்று தெரிகிறது. என்ன செய்ய, அவன் மனைவி வகுப்புக்குப் போயிருக்கிறாள். முதல் நாள். ஆறு மணிக்கு மணி அடித்தது இங்கே வரை கேட்டது. சோறும் அவன்தான் வடித்தான், குழைந்துவிட்டது. இரண்டு பேரும் அதையே சாப்பிட்டோம்.

லாரி ஆண்டில் பணியில் இருந்தவர்களில் பள்ளி இறுதி முடித்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்தேன். ஐந்து பேர். ஆய்வுக்கூட உதவியாளர், காலையும் மாலையும் செய்தித்தாளை மனப்பாடம் செய்வார், போய்விட்டார். ஜீப் ஓட்டிய நெட்டை, கணக்கில் புலி, போய்விட்டான். தண்ணீர்த் தொட்டிக்காரர், அஞ்சலகக் குட்டைச்சி, இருவரும் ஒரே மழைக்காலத்தில் போனார்கள். அவர்களிடம் நான் இனி என்ன சொல்ல?

நாளைக் காலை முதல் பேருந்தைப் பிடிக்கப் போகிறேன். அடுத்த ஆண்டும் ஓர் இடம் உண்டு. ஓய்வு பெற்றவருக்கும் பொருந்துமா என்று பதிவாளர் அம்மாளிடம் போன வாரமே கேட்டுவிட்டேன். "எவ்வகைப் பணியாளராயினும்னுதானே இருக்கு, பொருந்தாதுன்னு யார் சொல்றது?" என்று சிரித்தார். வயது வரம்பு இல்லை என்று தெளிவாகவே இருக்கிறது. மகன் எழுதுவதை நிறுத்திவிட்டு, "யாரைப்பா பாக்கப் போறீங்க?" என்கிறான்.

ஐந்தாவது ஆளை. நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைத்துக் கொடுத்து, தைக்கும் முன்னால் ஒவ்வொன்றையும் படித்தும் முடித்தவளை. மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான், நாங்கள் ஊசி என்று கூப்பிட்டவள்.